கையெழுத்திட்ட காமிக்ஸும் மறுதரமும்

முத்து காமிக்ஸும் இந்திரஜால் காமிக்ஸும் படித்து வளர்ந்த நேயர்கள், தம்மிடமுள்ள கையெழுத்திட்ட பிரதியை விற்குமுன் அதற்கு மீண்டும் ஒருமுறை தரச்சான்று பெற வேண்டுமா என்று கேட்பது அண்மைக்காலத்தில் பெருகியுள்ளது. தரம் ஒரு படி ஏறினால் விலையும் ஏறிவிடும் என்ற நம்பிக்கை இன்றைய மோஸ்தர். கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வீண்செலவு என்பதே இவ்வுரையின் துணிபு.

தரமிடல் என்பது, 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சிஜிசி போன்ற நிறுவனங்கள் ஒரு பிரதியை 0.5 முதல் 10 வரை மதிப்பிட்டு, முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவதாகும். நிறுவனத்தின் சாட்சி கண்முன் இடப்பட்ட கையெழுத்துக்கு மஞ்சள் லேபிள் கிடைக்கும். சாட்சியில்லாத கையெழுத்தோ, வழக்கமாகப் பச்சை லேபிளின் கீழ் அட்டையில் நேர்ந்த ஒரு குறையாகவே குறிக்கப்படும். ஃபேன்டமைப் படைத்த லீ ஃபால்க் 1999இல் மறைந்துவிட்டதால், இந்திரஜால் இதழொன்றில் அவர் உண்மையாகவே கையெழுத்திட்டிருந்தாலும் அதற்கு அந்தச் சாட்சி இருக்க வழியே இல்லை. மஞ்சள் லேபிளுள்ள பிரதியின் பெட்டியை உரிமையாளர் தாமே உடைத்தால், கையெழுத்து அப்படியே இருக்கச் சாட்சியம் மட்டும் அழிந்துபோகும். 2018இல் மறைந்த ஸ்டான் லீ மறுபடி வந்து கையெழுத்திடப் போவதில்லை. ஆகவே பெட்டியை உடைக்கலாகாது. மறுதரம் வேண்டுமென்றே தோன்றினாலும், பெட்டியோடுதான் அனுப்ப வேண்டும், உடைக்கலாகாது.

மறுதரத்தால் பயனுண்டா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிரஸ்ஸிங், அதாவது சிறிது ஈரப்பதமும் அளவான வெப்பமும் அழுத்தமும் தந்து தாளைச் சமப்படுத்தும் முறை. இதன் எல்லையை அறியச் சன்னல் வெளிச்சம் போதும். அட்டையைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கையில், மடிப்பு வெறும் மேடுபள்ளமாகத் தெரிந்து அச்சுமை குலையாதிருந்தால் அது பெரும்பாலும் நீங்கும். மடிப்பின் வழியே வெள்ளை இழை தெரிந்தால் மை உடைந்துவிட்டது என்று பொருள், அதை எந்த அழுத்தமும் மீட்காது. மேடுபள்ளம் நீங்கும், வெள்ளைக் கோடு நீங்காது. கறை, கிழிசல், மங்கிய நிறம், பழுத்த தாள் ஆகியவற்றுக்கும் இதில் மருந்தில்லை. மார்க்கர் பேனாவால் கையெழுத்திட்ட அட்டையாயின், வெப்பத்தில் மை எதிர்ப்பக்கத்தில் படியும் அபாயத்தையும் எண்ண வேண்டும், 9.6ஐ 9.8 ஆக்கும் ஆசையில் கையெழுத்தையே பணயம் வைப்பது எந்த வகைக் கெட்டிக்காரத்தனமோ!

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் இக்கணக்கு இன்னும் கடுமையானது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றுவிடாமல் பெய்யும் இந்த எல்லைப்புறத்தில், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் செம்பழுப்பு வளையம் படர்வதும், இராமபாணப் பூச்சி அட்டையின் ஓரத்தைச் சுரண்டுவதும் வழக்கம். இவ்வூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் துருவைப் பொறுக்காமல் பழைய பின்னைப் பிடுங்கிப் புதுப் பின் அடித்துவிட, வாங்க வந்தவர் நடுப்பக்கத்தைப் புரட்டிய மறுநொடியே பேரத்தை நிறுத்திவிட்டார். மூலப்பின் இல்லாதது தரமிடுவோர் கண்ணிலும் குறையே.

முத்து காமிக்ஸ், 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கி, ஹெசூஸ் பிளாஸ்கோவின் ஓவியத்தோடு ‘இரும்புக்கை மாயாவி’யை முதலிதழாகத் தந்த வெளியீடு. இத்தகைய தமிழ் இதழில் ஆசிரியர் இட்ட கையெழுத்தைத் தேடி வருபவர், இரும்புக்கை மாயாவியைப் பள்ளிப்பருவத்தில் வாடகைக்கு எடுத்துப் படித்த வாசகரே. அவர் தசமப் புள்ளிக்குப் பணம் தருவதில்லை. பிரதியைக் கடல்கடந்து அனுப்பும் செலவும், மதிப்புக்கேற்ப உயரும் தரக்கட்டணமும், வழியில் நேரும் சேதமும் அவர் தரக்கூடிய விலையைத் தின்றுவிடும். அட்டை, முதுகு, நடுப்பக்கப் பின், கையெழுத்து ஆகிய நான்கையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, எந்த நிகழ்வில் யார் இட்ட கையெழுத்து என்பதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, துருவோடும் பழுப்போடும் உள்ளபடி விற்பதே அப்பிரதிக்குத் தக்கது.