திடல் யாருடையது?



பொது இடங்களைத் துப்புரவு செய்து அழகுபடுத்த ஊராட்சி மன்றங்கள் அரசாங்க மானியம் நாடுவது பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம். மானியம் என்பது மன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான காரியம், அதில் நமக்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நமக்கு மிகுந்த வேலை உண்டு.

பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். லயங்களுக்கு அருகே ஒரு திடல் இருந்தது. மாலையில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடினர். திருவிழாக் காலத்தில் அங்கேயே பந்தல் எழுந்தது. ஆனால் திடலும் பாதையும் தோட்ட நிறுவனத்தின் சொத்து. தனியார் நிலமாதலால் ஊராட்சி மன்றத்தின் சேவை அங்கே வந்து சேரவில்லை. தோட்டம் கைமாறியபோது திடலும் உடன் போயிற்று. தலைமுறை தலைமுறையாக மிதித்த மண்ணை நம்முடையது என்று எண்ணியிருந்தோம். பத்திரத்தில் ஓர் அடியும் நம்முடையதாக இல்லை.

ஈப்போவைச் சுற்றிப் பால்மரம் நின்ற இடங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. இங்குள்ள பொதுத் திடலின் நிலை வேறு. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தனது 63ஆம் பிரிவில், பொதுமக்களுக்கென ஒதுக்கி ஒப்படைக்கப்பட்ட இடங்களைப் பேணும் பொறுப்பை ஊராட்சி மன்றத்திடம் அளித்துள்ளது. 1988 மே 27இல் ஈப்போ மாநகரானது முதல், இங்கே அப்பொறுப்பு மாநகர் மன்றத்தைச் சார்ந்தது.

பொறுப்பு இருந்தால் போதுமா? பணம் வேண்டும். மதிப்பீட்டு வரி, வாடகை, உரிமக் கட்டணம் ஆகியவை மன்றத்தின் சொந்த வருமானம். குப்பை அள்ளுவதும் சாக்கடை வெட்டுவதும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். பூங்காவின் முறை கடைசியில்தான் வரும். ஆகவேதான் மத்திய, மாநில அரசாங்க மானியங்களையும் மன்றத்தின் வருமானமாக அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு ஏற்கிறது. ஊராட்சி மன்றங்களின் பராமரிப்புக்கான மானியம் குறித்து 1981இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

மானியம் கேட்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை கூற வேண்டும். நிலம் யாருடையது? செலவு எவ்வளவு? வேலை முடிந்தபின் பேணுவது யார்? நடுக்கேள்விக்குப் பொறியாளர் விடை கூறுவார். மற்ற இரண்டிலும் நமக்குப் பங்குண்டு.

உங்கள் தாமானில் உள்ள திடல் பொது இடமாக மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளதா? குடியிருப்பாளர்கள் கூடிப் பேசி, மன்றத்துக்கு எழுத்துமூலம் கேளுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். கடிதத்துக்குப் பதில் வரும் வரை நினைவூட்டுங்கள். ஒப்படைக்கப்படாத நிலம் நாளை வேறொன்றாக மாறலாம். பழைய திடலை இழந்த நமக்கு இது புதிய பாடமன்று.

பேணுவதற்குத் தைப்பிங் ஏரிப் பூங்கா நல்ல சான்று. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களே அங்கு ஏரிகளாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய அப்பூங்கா இன்றும் பசுமையாக இருப்பதற்குக் காரணம், ஒருநாள் நட்டதன்று; நாள்தோறும் காத்ததே. மானியம் மரத்தை நடும். மறுநாள் தண்ணீர் ஊற்றுவது மானியத்தின் வேலையன்று.

புந்தோங் வழியே ஓடும் பாரி ஆறு கிந்தா ஆற்றோடு கலக்கிறது. வீட்டுக் கால்வாயில் எறியும் நெகிழிப் பை கால்வாயை அடைத்து நம் வாசலில் வெள்ளமாக நிற்கும்; அடைக்காவிட்டால் ஆற்றைச் சேரும். ஆற்றில் குப்பை போடுவது 69ஆம் பிரிவின்படி குற்றமுமாகும்.

எனவே வரியைக் காலத்தில் செலுத்துவோம். மாதம் ஒரு காலைப்பொழுதைக் கோத்தோங் ரோயோங்குக்கு ஒதுக்குவோம். உடைந்த விளக்கையும் ஊஞ்சலையும் கண்டால் உடனே தெரிவிப்போம். அவ்வாறு பேணப்படும் திடலுக்கு மானியம் கேட்கும் மன்றம் தயங்காமல் கேட்கும்.

தோட்டத்துத் திடலை நாம் காக்க முடியவில்லை. அது நம்முடையதாக இருக்கவில்லை. இத்திடல் நம்முடையது. இதனை நம் பிள்ளைகளுக்குக் குறைவின்றி ஒப்படைப்போமாக.