கடலை விடாத ரயில்

பிரான்சின் மர்செய் துறைமுகத்தில் தொடங்கி இத்தாலியின் லா ஸ்பெசியா வரைக்கும், மத்தியதரைக் கடற்கரையோடு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ரயில் பாதை போகிறது. ஊருக்கு ஊர் நிற்கிற சாதாரண ரயில்களில் மாறி மாறி ஏறி, தனி ஆளாகவே போய்விடலாம். அந்தப் பாதையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. வேகமான ரயில் எதையும் நான் சிபாரிசு செய்யப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மர்செயின் பெரிய ரயில் நிலையமான சேன் ஷார்ல் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. வாசலிலிருந்து 104 படிகள் ஊருக்குள் இறங்குகின்றன. படிக்கட்டின் அடியில் பிரான்சின் ஆசிய, ஆப்பிரிக்கக் காலனிகளைப் பெண்ணுருவில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். புதுச்சேரிக்காரர்கள் யாராவது போனால் அந்த ஆசியச் சிலைக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். 1910 ஜூலையில் சாவர்க்கர், கைதியாகப் போய்க்கொண்டிருந்த கப்பலிலிருந்து குதித்துக் கரைக்கு நீந்தியது இந்த ஊர்த் துறைமுகத்தில்தான். அவரை அழைத்துப் போக மேடம் காமாவும் நம் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள், ஆனால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று சொல்வார்கள்.

கிழக்கே நீஸ் நகரம் போகிற ரயிலில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். வழியில் லா சியோத்தா என்று ஒரு சிறு நிலையம் வரும். லூமியே சகோதரர்கள் ரயில் வந்து நிற்பதைப் படம் பிடித்து 1896-இல் காட்டினார்களே, அதே நடைமேடை. திரையில் வந்த ரயிலைக் கண்டு ஜனங்கள் எழுந்து ஓடினார்கள் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் சினிமா வரலாற்றாசிரியர்கள். எனக்கென்னவோ அந்தக் கதையை விட மனசில்லை.

துலோன் தாண்டியதும் பாதை மலைக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். கடல் தெரியாது, திராட்சைத் தோட்டம்தான். சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்போது பிரித்துக்கொள்ளலாம். சேன் ரஃபாயேல் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தயாராகுங்கள். எஸ்தெரெல் மலை ஆரம்பிக்கிறது. எரிமலைக் காலத்துப் பாறை, நல்ல செங்கல் சிவப்பு, நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அந்தச் சிவப்புக்கும் தண்ணீரின் நீலத்துக்கும் நடுவே தண்டவாளம் வளைந்து வளைந்து போகிறது. மத்தியதரைக் கடலில் நீர்மட்ட ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். வங்கக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தண்ணீருக்கு இவ்வளவு கிட்டே வீடு கட்டியிருக்கிறார்களே என்று முதலில் திக்கென்று இருக்கும்.

நீஸிலிருந்து மொந்தோன் வரைக்கும் மட்டும் ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள். ரயில் அடிக்கடி குகைக்குள் நுழைந்துவிடும். மொனாக்கோவில் நிலையமே மலைக்குள் இருக்கிறது. நாடே இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், இடத்தின் விலையோ சொல்லவே வேண்டாம். ஆகவே 1999-இல் நிலையத்தைப் பூமிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். பேருந்தோ மலைச் சரிவில், கடலுக்கு மேலே சாலையோடு போகும்.

மொந்தோனில் மறுபடி ரயில் ஏறி எல்லை தாண்டினால் வென்டிமிலியா. இங்கே எல்லாரும் இறங்கி ரயில் மாற வேண்டும். பிரெஞ்சுத் தடத்தில் 25,000 வோல்ட் மின்சாரம், இத்தாலியில் 3,000 வோல்ட். ஷெங்கன் விசா ஒன்றே இரு நாட்டுக்கும் போதும், ஆனாலும் பாஸ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கக்கூடாது. 2015 முதல் இத்தாலியிலிருந்து வரும் ரயில்களை மொந்தோன் பக்கம் நிறுத்திப் பிரெஞ்சுப் போலீஸ் சோதிக்கிறது. யாரிடம் முதலில் கேட்பார்கள் என்பதில் தோல் நிறத்துக்கும் பங்கு உண்டு. திரும்பி வரும்போது நினைவிருக்கட்டும்.

இனி இத்தாலி. 1872-இல் போட்டு முடித்த, வென்டிமிலியாவிலிருந்து ஜெனோவா போகிற பாதை முழுக்கக் கடலோரமாகத்தான் போனது. ஒற்றைத் தடம், நேரம் பிடித்தது. அதனால் பகுதி பகுதியாக இரட்டைத் தடம் போட்டு மலைக்குள் கொண்டுபோனார்கள். சான் ரெமோ நிலையம் 2001-லேயே சுரங்கத்துக்குள் போய்விட்டது, 2016-இல் அந்தோரா வரைக்கும் தடம் மாறியது. ரயிலில் இருப்பவருக்கு மிஞ்சியது இருட்டும் காதடைப்பும். பழைய தடத்தின் நெடுந்தூரத்தை, ஒஸ்பெதலேத்தியிலிருந்து சான் லொரென்சோ வரை, சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். இறங்கி வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டால், அந்தக் காலத்துப் பயணி கண்ட கடலை நீங்களும் காணலாம்.

அந்தோராவிலிருந்து ஃபினாலே லீகுரே வரைக்கும் இன்னும் ஒற்றைத் தடம். எதிர்வண்டிக்காக ரயில் எங்காவது ஒதுங்கி நிற்கும். உள்ளூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பார். நமக்கென்ன, ஜன்னலுக்கு வெளியே கடல்! அவர் தினமும் வேலைக்குப் போகிறவர், அவர் கோபம் நியாயம்தான். இந்தத் துண்டும் மலைக்குள் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது என் சுயநலம்.

தனியாகப் போகிறவருக்கு இரண்டு வார்த்தை. கழிவறைக்குப் போனால் பெட்டியை யார் பார்த்துக்கொள்வது? கூடவே தூக்கிப் போகும் அளவுக்குப் பை இருந்தால் அந்தக் கவலை இல்லை. இத்தாலியில் காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் அபராதம். வேலைநிறுத்தம் அங்கே சகஜம். ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள், வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை முக்கியமான உள்ளூர் ரயில்கள் ஓடும்.

சாப்பாடா? நீஸில் சொக்கா என்பார்கள், ஜெனோவாவில் ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுகிறார்கள், ஓரம் நம் அடைபோல முறுகி வரும். சைவக்காரர்கள் இரு நாட்டிலும் இதை நம்பிப் போகலாம். ஒற்றை ஆளுக்கு மேசை கேட்டுக் காத்திருக்கவும் வேண்டாம், தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஜெனோவாவுக்குக் கிழக்கே சின்க்வே டெரே, மலைச் சரிவில் ஐந்து சிற்றூர்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சாந்து பூசாத கல்சுவர் எழுப்பி, படிப்படியாகத் திராட்சை போட்டிருக்கிறார்கள். கோடையில் ரயில்களில் நிற்க இடமிருக்காது. நான்கு ஊர்களில் கூட்டம் ரயிலிலிருந்து நேரே தெருவுக்குள் கொட்டும். கொர்னிலியா மட்டும் பாறை உச்சியில், நிலையத்திலிருந்து சுமார் 380 படிகள் உயரத்தில் இருக்கிறது. பலர் அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் பயப்பட வேண்டாம், நிலைய வாசலிலிருந்து ஊருக்கு ஒரு சின்னப் பேருந்து இருக்கிறது.