நிலக்கரிக் கணக்கையும் காட்டுங்கள்



மன்னார் மாவட்டத்தில் உள்ள நமது முள்ளிக்குளம் 2007இல் போரால் இடம்பெயர்ந்தது. 2017இல், கடற்படை வசமிருந்த காணி விடுவிப்பு என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பை நாங்கள் எப்படி அளந்தோம்? எத்தனை ஏக்கர் கைக்கு வந்தது, எத்தனை குடும்பம் திரும்ப வந்து அடுப்பு மூட்டியது என்று எண்ணினோம். காலநிலைக்காக உலக நாடுகள் இடும் கையெழுத்தையும் அப்படித்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1997இல் கியோட்டோவில் கைத்தொழில் நாடுகள் வாக்குக் கொடுத்தன. பச்சை வீட்டு வாயுக்களை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து சராசரியாக 5 வீதம், 2008க்கும் 2012க்கும் இடையில் குறைப்போம் என்றன. கடைசிவரை அதில் நின்ற நாடுகள் கூட்டாக இலக்கை எட்டின. ஆனால் அதில் பெரும் பங்கு சோவியத் ஒன்றியம் உடைந்து ஆலைகள் மூடப்பட்டதால் வந்தது. ஒப்பந்தம் எழுதும் முன்பே குறைந்துவிட்ட புகை அது! அதே காலத்தில் உலகின் மொத்தப் புகை கூடியது.

முடக்கத்தால் புகை குறைவதை நாங்களும் பட்டறிந்திருக்கிறோம். 2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை போனது. அதனால் குறைந்த புகை எந்த ஒப்பந்தத்தின் வெற்றி? எங்கள் பட்டினியை யாரும் தங்கள் சாதனையாக எழுத விடக் கூடாது.

2030க்குள் பச்சை வீட்டு வாயுக்களை 14.5 வீதம் குறைப்போம் என்று 2021இல் இலங்கை அறிவித்தது. அதிலும் 10.5 வீதம் வெளிநாட்டு உதவி கிடைத்தால்தான். எதிலிருந்து இந்த 14.5? ஒன்றுமே செய்யாவிட்டால் எவ்வளவு போகும் என்று ஊகித்த அளவிலிருந்து. ஊகத்தை உயர்த்தி வைத்தால், புகை கூடினாலும் குறைத்ததாகக் காட்டலாம்.

ஊகத்தை விட்டு, கண்ணெதிரே உள்ளதை எண்ணுவோம். மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின் நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. சோளகம் வீசும் மாதங்களில் அவை சுழல்வதைப் பார்க்கிறோம். தெற்கே இதே மேற்குக் கரையில், நுரைச்சோலையில், 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இருக்கிறது. காற்று தந்த மின்சாரத்தால் அங்கே எத்தனை தொன் நிலக்கரி எரியாமல் மிஞ்சியது? அந்தத் தொன்தான் அளவுகோல். கோபுரங்களின் எண்ணிக்கை அளவுகோல் ஆகாது.

இப்போது முள்ளிக்குளத்தின் பெயரிலும் காற்றாலைத் திட்டம் பேசப்படுகிறது. நமது காணியும் கரைவலைப் பாடும் இதில் இருக்கின்றன. ஆகவே கேட்போம்: மன்னார்க் காற்று தந்த மின்சாரம், நுரைச்சோலை எரித்த நிலக்கரி, இரண்டையும் மாதாமாதம் அரச மின் நிறுவனங்கள் தமிழில் வெளியிட வேண்டும். முசலிப் பிரதேச சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி மனு எழுதியிருக்கிறோம். வாசித்துப் பார்த்து, போகும்போது கையொப்பம் இட்டுவிட்டுப் போங்கள்.