மூத்த பணியாளரும் முதலாளியின் அமானிதமும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் நம் அறக்கட்டளை கூட்டிய வணிகர், தொழில் நடத்துவோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

மஃக்ரிப் தொழுத கையோடு உங்களை உட்கார வைத்திருக்கிறோம். இஷாவுக்குள் முடித்துவிடுவோம்.

முன்பெல்லாம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்கள் விதவைகளிடமிருந்தும், படிக்கும் பிள்ளைகளிடமிருந்தும், நோயாளிகளிடமிருந்தும்தான் வரும். இப்போது அறுபதை ஒட்டிய ஆண்கள் வருகிறார்கள். தையல் கடையில் கட்டிங் பார்த்தவர், ஓட்டலில் பிரியாணி மாஸ்டராக இருந்தவர், லாரி ஓட்டியவர். மனுவில் "மாத உதவித்தொகை" என்று எழுதியிருப்பார்கள். உட்கார வைத்து ஒரு டீ கொடுத்துப் பேசினால், "உதவி இருக்கட்டும் பாய், எங்கேயாவது ஒரு வேலை சொல்லுங்க" என்பார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

பிறரைச் சொல்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். நம் அறக்கட்டளை அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஒரு பெரியவர். ரமளானில் அரிசி மூட்டை தூக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவரை நிறுத்திவிட்டு ஓர் இளைஞரை வைத்தோம். நாலு மாதம் கழித்து அவரே மனுவோடு வந்து வரிசையில் நின்றார். சம்பளமாகக் கொடுத்துவந்த பணத்தை, அதிலும் குறைத்து, உதவியாக அவர் கையில் கொடுத்தோம். வாங்கும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று நிர்வாகக் குழுவில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

மறுமாதமே அவரைத் திரும்ப அழைத்தோம். மூட்டை தூக்க வேண்டாம். ஜனாஸா கட்டில், கஃபன் துணி, வாடகைப் பாத்திரம் இவற்றின் கணக்கு அவர் பொறுப்பு. காலை பத்து மணி முதல் லுஹர் வரை இருந்தால் போதும். எந்தத் தெருவில் யார் வீடு, யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மய்யித் வீட்டிலிருந்து நடு இரவில் போன் வந்தால், அந்த இளைஞர் முதலில் கேட்பது இவரிடம்தான். மாற்ற வேண்டியிருந்தது ஆளை அல்ல, வேலையை என்பது எங்களுக்குத் தாமதமாகப் புரிந்தது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலச் சம்பவம் ஒன்றை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். பார்வை மங்கிய யூத முதியவர் ஒருவர் வாசலில் நின்று யாசிக்கிறார். காரணம் கேட்டால் ஜிஸ்யா வரி, வறுமை, முதுமை என்கிறார். கலீஃபா அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்ததோடு விடவில்லை. பைத்துல்மால் பொறுப்பாளரை வரவழைத்து, இளமையில் இவரிடம் வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று சொல்லி, அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் அந்த வரியை நீக்கினார்கள். அங்கே வாங்கியது வரி. நாம் நம் பணியாளர்களிடம் வாங்கியது அவர்களுடைய இருபது, முப்பது வருட உழைப்பு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பேருக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இந்திய அளவில் அது ஒன்பதைக்கூட எட்டவில்லை. தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தியது. நம் கடைப் பையனாகச் சேர்ந்து அங்கேயே நரைத்தவருக்கு ஓய்வு வயது எது? முதலாளி "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லும் நாள்தான். வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்தவருக்காவது ஏதோ ஓய்வூதியம் உண்டு. 2014 முதல் அதன் குறைந்தபட்சம் மாதம் ஆயிரம் ரூபாய். சேராதவருக்கு அதுவும் இல்லை. கடைசியில் ஏதாவது ஒரு கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் இரவுக் காவலுக்குப் போகிறார். முப்பது வருடம் கற்ற தொழில் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

முதலாளிகளின் பதில் எங்களுக்குத் தெரியும். "வயதானவர் மெதுவாகச் செய்கிறார். கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு?" இது நியாயமான கவலைதான். இதற்குப் பதில் தேட வெகு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ கார் ஆலை இருக்கிறது, 2007இல் திறந்தது. அதே ஆண்டில் அதே நிறுவனம் ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரிலுள்ள தன் ஆலையில் ஒரு சோதனை செய்தது. 42 பேர் வேலை செய்யும் ஒரு பிரிவில், பத்தாண்டு கழித்து அங்கே இருக்கப்போகும் சராசரி வயதுக்கு ஏற்ப, வேண்டுமென்றே மூத்தவர்களை அதிகமாக வைத்தார்கள். பிறகு என்ன மாற்ற வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார்கள். கால் வலிக்காமலிருக்க மரத்தரை, உட்கார்ந்து செய்ய நாற்காலி, பெரிய எழுத்து, பூதக்கண்ணாடி, ஒரே வேலையைச் செய்யாமல் மாறி மாறிச் செய்வது. இப்படி எழுபது சிறு மாற்றங்கள். மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. ஒரே வருடத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது. இலாபம் பார்க்கும் கம்பெனிதான் இதைச் செய்தது, தர்மத்துக்காகச் செய்யவில்லை.

நம்மில் பலருக்கு உறவினர்கள் இருக்கும் சிங்கப்பூரில் இது சட்டமாகவே இருக்கிறது. ஓய்வு வயதை அடைந்த பிறகும் உடல்நலமும் வேலையும் திருப்தியாக இருந்தால் மறுபடி வேலை தர முன்வர வேண்டியது முதலாளியின் கடமை. 2022 ஜூலையில் அந்த வரம்பு 68 வயதாக உயர்த்தப்பட்டது.

நம் கடைகளில் செய்யக்கூடியதை நாலு வார்த்தையில் சொல்கிறோம்.

முதலாவது, நாற்காலி. கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டமே திருத்தப்பட்டது. பத்து மணி நேரம் நிற்க முடியாதவர் நாலு மணி நேரம் உட்கார்ந்து கல்லாவைப் பார்ப்பார், சரக்கு எண்ணுவார்.

இரண்டாவது, அரை நாள் வேலை. ஒரு முழு ஆளின் இடத்தில் இரண்டு மூத்தவர்களை வைக்கலாம். ஆனால் சம்பளத்தைக் குறைக்கும் முன் பழைய கணக்கைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். அது கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. இருபது வருட முழுச் சம்பளக்காரருக்கு அரைச் சம்பளத்தில் கணக்கு முடித்தால் அது ஹக்கைப் பறிப்பதாகும்.

மூன்றாவது, கற்றுக்கொடுக்கும் வேலை. கட்டிங் மாஸ்டரின் கை நடுங்கலாம், கண் நடுங்காது. புதிதாக வரும் பையனை அவரிடம் ஒப்படையுங்கள்.

நான்காவது, தாய்மார்களே, இது உங்களுக்கு. வீட்டுச் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் வரும் மூத்த பெண்களுக்கு நீங்கள்தான் முதலாளி. தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லாமல், அவர்களால் முடிந்த வேலையைக் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், வருத்தப்படாதீர்கள். சிலர் பணியாளரை நிறுத்திவிட்டு, ரமளானில் அவர் பெயரை எங்களிடம் கொடுத்து, "நம்ம ஆள்தான், ஜகாத்திலிருந்து கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கொடுக்க வேண்டிய கூலிக்கும் பாக்கிக்கும் ஜகாத்தை ஈடுகட்ட முடியாது என்பதை ஹஜ்ரத் அவர்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். ஜகாத் வருடத்துக்கு ஒருமுறை. கடைக்குப் போகும் மரியாதை ஒவ்வொரு காலையும் வேண்டும்.

மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைக்கச் சொன்ன அந்தப் பெண், தம் தந்தையிடம் இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள்: வலிமை, நம்பிக்கை. வயது ஏற ஏற முதலாவது குறையும். இரண்டாவதை வயதுதான் நமக்கு நிரூபித்துக் காட்டும். கல்லாச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்தில் வேலை கேட்ட மூத்தவர்களின் தொழிலும் அனுபவமும் இருக்கின்றன, பெயர் இல்லை. எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. எத்தனை மணி நேரம், என்ன வேலை, என்ன சம்பளம் தர முடியும் என்று அதில் எழுதுங்கள். ஆளை அழைத்துவருவது எங்கள் பொறுப்பு. இந்த மாதம் யாரையாவது நிறுத்த நினைத்திருந்தால், நிறுத்தும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

நமக்கும் நரை வரும். அன்று நம்மை யாருக்கும் பாரமாக்காமல், நமக்காக உழைத்தவர்களின் துஆவுக்கு உரியவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.