மீட்டரில் ஓடும் எண் எங்கிருந்து வருகிறது?

பங்க்கில் வண்டியை நிறுத்தினதும் "ஜீரோ பாருங்க"ன்னு சொல்றாங்க, நாமும் பார்க்கிறோம். அதுக்கப்புறம் ஓடுகிற எண் எப்படி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

மெஷினுக்குள் சின்ன பிஸ்டன்கள் கொண்ட அளவி இருக்கு. பெட்ரோல் அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு தண்டு சுழலும். அந்தச் சுழற்சியை பல்சர் என்கிற சென்சார் மின்துடிப்புகளாக மாற்றும். துடிப்பை எண்ணித்தான் லிட்டரும் ரூபாயும் திரையில் ஓடுது. 2017-ல் லக்னோவில் சில பங்க்குகளில் சிப் பொருத்தி, ரிமோட்டில் இயக்கி அளவைக் குறைத்தது பிடிபட்டது. அந்தப் பகுதிக்கு அரசு முத்திரை வைப்பது சும்மா சடங்குக்கு இல்லீங்க.

காருக்குள் கதையே வேறு. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருந்ததுன்னு பார்த்து இசியூ கணக்குப் போடும். பல கார்களில் உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கும். அசைகிற பாகமே இல்லாத மெல்லிய தகடு அது. நடுவில் சூடு, இரண்டு பக்கமும் வெப்பநிலை பார்க்கும் புள்ளிகள். காற்று போகும்போது சூட்டை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்த வித்தியாசத்திலிருந்து ஓட்டம் தெரியும். தோசைக்கல் பக்கத்தில் ஃபேன் போட்டால் அனல் எந்தப் பக்கம் அடிக்கும்? அதே சங்கதிதான்.

லாரி வைத்திருப்பவர்கள் டீசலுக்குத் தனியாக ஃப்ளோ சென்சார் மாட்டுவதுண்டு. இன்ஜினுக்குப் போகிற டீசலில் ஒரு பகுதி டேங்குக்கே திரும்பிவிடும். போவதையும் அளந்து, திரும்புவதையும் அளந்து கழிக்கணும். போவதை மட்டும் பார்த்தால் டிரைவர் மேல் வீண் திருட்டுப் பழி விழும்.

அதனால், டேஷ்போர்டு மைலேஜை வைத்து பங்க்கில் சண்டை போடாதீங்க. அது கணக்கு, சாட்சி இல்லை. சந்தேகம்னா 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்க. கேட்பது உங்கள் உரிமை. கூடவோ குறையவோ 25 மில்லி வரைதான் அனுமதி. அதற்கு மேல் குறைந்தால் டிஎன்-எல்எம்சிடிஎஸ் செயலியிலோ 1915 என்ற எண்ணிலோ புகார் கொடுக்கலாம். பங்க் பெயர், மெஷின் எண், நேரம் மூன்றையும் குறிச்சுக்கோங்க. பில்லை அங்கேயே போட்டோ எடுத்துடுங்க, நாளாக நாளாக எழுத்து மங்கிடும்.