லாரி ஏறாத இரும்பு

இன்று பட்டம் பெறும் வணிகவியல் மாணவ மாணவியரே,

அங்கிக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், சுருக்கமாகவே பேசுகிறேன். உங்களில் பலர் சில மாதங்களில் ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள் முன்னால் உட்காரப்போகிறீர்கள். வரித்துறையில் இருந்தவன் என்ற முறையில் அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ஜிஎஸ்டி புலனாய்வுத் தலைமை இயக்குநரகம் என்றால் பலருக்கும் ரெய்டுதான் நினைவுக்கு வரும். 1979-ல் கலால் வரி ஏய்ப்பைப் பிடிக்கத் தொடங்கிய பிரிவு, 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது இந்தப் பெயருக்கு மாறியது. சினிமாவில் வருவதுபோல் சுவரை இடித்து நோட்டுக்கட்டு எடுப்பதெல்லாம் அபூர்வம். அங்கே பெரும்பாலான நேரம் பில் படிப்பதிலேயே போகும்.

அந்த பில்களுக்குப் பின்னால் இருப்பது நீங்கள் பரீட்சையில் எழுதிய கணக்குதான். கடைக்காரர் 100 ரூபாய்க்கு வாங்கி 18 ரூபாய் வரி கொடுக்கிறார். 120-க்கு விற்று 21 ரூபாய் 60 காசு வரி வசூலிக்கிறார். கொடுத்த 18-ஐக் கழித்துக்கொண்டு மீதி 3 ரூபாய் 60 காசை அரசுக்குக் கட்டினால் போதும். நல்ல ஏற்பாடு. ஆனால் கழித்துக்கொள்ள பில்தானே ஆதாரம், சரக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றிவிட்டது. ஒரு கோடி ரூபாய் பழைய இரும்புக்கு ஒரு பில் போட்டால், அதை வாங்கியவருக்கு 18 லட்சம் வரவு. இரும்பு எங்கும் நகர்ந்திருக்காது. பில் போட்டவனுக்குக் கமிஷன். அவனுடைய கம்பெனி யார் பெயரில் இருக்கும் தெரியுமா? லோன் வாங்கித் தருகிறேன் என்று யாரோ ஆதார், பான் நகலை வாங்கிப்போன ஒரு கூலித்தொழிலாளியின் பெயரில். கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வரும்போதுதான், தான் ஒரு முதலாளி என்பதே அவருக்குத் தெரியவரும்.

இதைப் பிடிக்க லாரியிலிருந்து தொடங்கலாம். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர இ-வே பில் வேண்டும். அதிலுள்ள வண்டி எண்ணை வாகனப் பதிவிலும், சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவிலும் ஒத்துப்பார்த்தால் போதும். இருபது டன் இரும்பு ஏற்றிய ‘லாரி’ ஸ்கூட்டராக இருக்கும்; இல்லையென்றால் அன்று எந்தச் சாவடியையும் தாண்டியிருக்காது. 1996-ல் வெளிவந்த பீகார் மாட்டுத்தீவன ஊழலிலும் லாரி என்று எழுதிய எண்களில் ஸ்கூட்டர்கள் இருந்தன. இத்தனை வருஷத்தில் ஒரு புதுத் தந்திரம்கூடக் கண்டுபிடிக்கவில்லையே என்று எனக்குச் சற்று வருத்தம்தான்.

போலி பில்லில் ஏய்த்த தொகை 5 கோடியைத் தாண்டினால் ஐந்து ஆண்டுவரை சிறை. சுலபத்தில் ஜாமீன் கிடைக்காது. இவ்வளவு அதிகாரம் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கைது செய்வோம் என்று மிரட்டி, ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் கட்டவைத்ததாகப் புகார்கள் வந்தன. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும் அதிகாரம் செல்லும் என்றது. காரணத்தை எழுத வேண்டும், மிரட்டி வரி வாங்கக் கூடாது என்றும் சொன்னது. தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் அதிகாரிகளை நான் மதிப்பதில்லை.

சரி, அந்த நாற்காலிக்கு வருவோம். பில்லை டேலியில் ஏற்றுவதும் ரிட்டர்ன் போடுவதும் நீங்கள்தான். “பில்லை ஏத்துப்பா, சரக்கு பின்னால வரும்” என்பார் முதலாளி. இ-வே பில் எங்கே, எடைச்சீட்டு எங்கே, பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து போயிற்று என்று கேளுங்கள். கேட்டால் வேலை போகலாம். அதை மறைக்க மாட்டேன். கேட்காமல் விட்டால், சம்மன் வரும் நாளில் அதே முதலாளி “அக்கவுண்டண்டைக் கேளுங்க சார்” என்று உங்களைக் கைகாட்டுவார்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. உங்கள் எண்ணையும், அப்பா அம்மா எண்ணையும் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்பெனி ஏதாவது வந்தால், நோட்டீஸுக்குக் காத்திருக்காமல் உடனே எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.