வாசியாமல் எழுதிய தீர்மானம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம்மிற் பலருக்கு உவப்பாயிராது. எமக்கும் அது உவப்பானதன்று. அதிற் குற்றமிழைத்தவர்களுள் யாமே முதல்வர். எனினும், தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும்வரை அதைப்பற்றிப் பேசாதிருத்தல் முறையன்று.

தலைப்பை மாத்திரம் கண்டு, உள்ளே எழுதியிருப்பது யாதென்று பாராமலே அபிப்பிராயம் கூறுவது இக்காலத்தில் யாவரிடத்தும் பரவிய வழக்கமாகிவிட்டது. அமெரிக்க தேசத்திலே கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, ட்விட்டரில் ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்தி இணைப்புகளை ஆராய்ந்து, அவற்றுள் 100-க்கு 59 ஒரு முறையேனும் திறந்து பார்க்கப்படவில்லை என்று 2016-இல் வெளியிட்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் முதல் தேதியன்று, அந்நாட்டுத் தேசிய வானொலியார் ஒரு வேடிக்கை செய்தார்கள். அமெரிக்கர் ஏன் வாசிப்பதை விட்டுவிட்டார்கள் என்னும் கருத்தில் ஒரு தலைப்பை வெளியிட்டார்கள். உள்ளே நுழைந்து பார்த்தவர்களுக்கு அங்கே கட்டுரை யாதொன்றும் இல்லை. இது விளையாட்டு, தயவுசெய்து கருத்துச் சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோள் மட்டுமே இருந்தது. ஆயினும் என்ன! நுழையாதவர்கள் பலர் வெளியே நின்று, தாம் வாசிப்பவர்களே என்று காரசாரமாக வாதாடினார்கள். இதைக் கேட்டு நீங்கள் நகைக்கிறீர்கள். யாமும் நகைத்தோம். நிற்க, நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

2018-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி, மார்கழி மாதத்திலே, இவ்விராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து அவர்கள் ஆண்டாளைப்பற்றித் ‘தமிழை ஆண்டாள்’ என்னும் கட்டுரையை வாசித்தார். மறுநாள் அது ‘தினமணி’யில் வெளிவந்தது. அக்கட்டுரையின் பெரும்பகுதி ஆண்டாளின் தமிழையும் துணிவையும் புகழ்வது. ஓரிடத்தில் மட்டும், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வெளியிட்ட நூலில் உள்ளதென்று சொல்லி, ஆண்டாள் ஒரு தேவதாசி, திருவரங்கக் கோயிலிலே வாழ்ந்து மறைந்தவள் என்னும் ஒரு வாக்கியத்தை அவர் எடுத்துக் காட்டியிருந்தார்.

பின்னர் நிகழ்ந்தவை யாவும் உங்களுக்குத் தெரியும். எங்கும் ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன. கவிஞரும் பத்திரிகையும் வருத்தம் தெரிவித்தனர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் சுவாமிகள் உண்ணாநோன்பு இருந்தார். இராஜபாளையத்திலே வழக்குப் பதிவாயிற்று. அம்மாதத்திலேயே சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பக்தர்களின் மனம் புண்பட்டதை யாம் பொய்யென்று சொல்லமாட்டோம். திருவாடிப்பூரத்தன்று தேர்வடம் பிடிக்கும் ஊரிலே, தாயாகவும் மகளாகவும் போற்றப்படும் ஒருத்தியைப்பற்றி அவ்வாறு ஒரு சொல் வந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். யாம் சொல்ல வந்தது வேறு.

அந்த வாரத்தில் நம் சங்கம் அவசரக் கூட்டம் கூடிற்று. அப்போது காரியதரிசிப் பொறுப்பு எம்மிடம் இருந்தது. கண்டனத் தீர்மானத்தை எழுதியவர் யாமே. அன்று சபையில் ஏறத்தாழ 40 பேர் இருந்தோம். அக்கட்டுரையை முழுதும் வாசித்தவர் ஒருவரேனும் இருந்தாரா என்று இன்று எண்ணிப் பார்க்கிறோம். யாம் வாசிக்கவில்லை. எம் கைப்பேசிக்கு வந்த அவ்வொற்றை வாக்கியத்தை மட்டுமே பார்த்திருந்தோம். அதன் மேலே, கவிஞர் நாச்சியாரை இகழ்ந்தார் என்னும் பொருளில் எவரோ இட்ட ஒரு தலைப்பும் இருந்தது. தீர்மானம் எழுத அவ்வளவே எமக்குப் போதுமாயிருந்தது.

கையெழுத்துக்காகத் தாளைச் சுற்றிவரச் செய்தபோது, முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நம்மிற் பலருக்குப் பிள்ளைப் பிராயத்தில் எழுத்துக் கற்பித்தவர். மார்கழி முப்பது நாளும் விடியுமுன் திருப்பாவை முப்பதையும் ஓதுபவர் என்பதை அவர் வீதியிலிருந்த அனைவரும் அறிவர். “தம்பி, பத்திரிகையைக் கொடுங்கள், வாசித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்” என்றார். மண்டபத்திலே பத்திரிகை இல்லை. யாம் கைப்பேசியை நீட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தவர், “இது ஒரு வாக்கியமல்லவா, தம்பி? இதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது?” என்று வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து எவரோ, “நாச்சியாரை ஏசியவனுக்கா வக்காலத்து?” என்று கூவினார். சிலர் சிரித்தனர். பெரியவர் தாளை எம் கையிலே கொடுத்துவிட்டு எழுந்து சென்றார். அன்றோடு அவர் சங்கத்துப் படியை மிதிக்கவில்லை.

அத்துடன் விட்டோமா? இல்லை. தீர்மானப் புத்தகத்திலே, அவர் பெயரைக் குறித்து, நாச்சியாரின் மானத்தைக் காக்கக் கையெழுத்திட மறுத்தார் என்று ஒரு வரி எழுதப்பட்டது. அதை எழுதிய கை எம் கை.

அவர் காலமான பின்னர் அவருடைய புதல்வர் வீட்டிலிருந்த நூல்களை நம் நூலகத்திற்கு வழங்கினார். அவற்றை அடுக்கும்போது, ஒரு திவ்யப் பிரபந்தப் பதிப்பினுள்ளே மடித்து வைத்த பழைய பத்திரிகைத் தாள் ஒன்று கிடைத்தது. அதே கட்டுரை! ஓரமெல்லாம் பென்சிற் குறிப்புகள். கவிஞர் பாசுரங்களை வியந்த இடங்களிலே ‘நன்று’ என்று எழுதியிருந்தார். சர்ச்சைக்குரிய வாக்கியத்தருகே வந்ததும் எழுத்து நெருக்கமாகிறது. யாம் அவற்றை ஒருமுறைக்கு மும்முறை வாசித்தோம்.

முதற்குறிப்பு இது: திருவரங்கத்திலே வாழ்ந்தாள் என்றால், பதிகங்கள் பலவற்றின் இறுதிப் பாசுரத்திலே தன்னை வில்லிபுத்தூர்க் கோதையென்றும், விட்டுசித்தன் மகளென்றும் அவளே சொல்வதை என் செய்வது? பக்கத்தில் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 எனக் கணக்கிட்டு, தந்தையின் பெயரும் ஊர்ப் பெயரும் வரும் பாசுர எண்களை வரிசையாகக் குறித்திருந்தார். திருவரங்கத்திலே அரங்கனோடு கலந்தாள் என்பதே குருபரம்பரைச் செய்தி; அங்கே வாழ்ந்தாள் என்பதன்று.

இரண்டாவது, தேவதாசி என்னும் சொல்லைப்பற்றியது. தஞ்சைப் பெரிய கோயிலிலே இராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் வீடும் பங்கும் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. தேவரடியார் பலர் கோயில்களுக்குப் பொன்னும் நிலமும் விளக்கும் தந்தவர்கள். அக்காலத்திலே அது இழிசொல்லன்று. பிற்காலத்தில் அவ்வழக்கம் சீர்கெட்டு, 1947-இல் சென்னை மாகாணச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சொல்லுக்கு இரண்டு காலம் உண்டு. எக்காலத்துப் பொருளில் வழங்கினார் என்று சொல்லாமல் எடுத்தாண்டது பிழை என்று கவிஞரையும், எக்காலத்துப் பொருளென்று கேளாமல் வெகுண்டது பிழை என்று நம்மையும் பெரியவர் ஒருங்கே குறைகூறியிருந்தார்.

மூன்றாவது குறிப்பு மூன்றே சொற்கள்: ‘மூலநூலைப் பார்க்க வேண்டும்.’ அவரால் இயலவில்லை போலும். அவ்வேலையை யாம் செய்தோம். அந்நூல் இந்திய இயக்கங்களிலே எதிர்ப்பும் சீர்திருத்தமும் பற்றிய கட்டுரைத் தொகுதி, பதிப்பாசிரியர் எஸ்.சி. மாலிக். அதிலுள்ள பக்தி இயக்கக் கட்டுரையை எழுதியவர்கள் எம்.ஜி.எஸ். நாராயணன், கேசவன் வெளுத்தாட் என்னும் மலையாள நாட்டு வரலாற்றறிஞர்கள். வெளியிட்டதோ, கட்டுரையிலே கவிஞர் குறித்த அமெரிக்க இந்தியானா பல்கலைக்கழகம் அன்று. நம் சிம்லாவிலுள்ள உயராய்வு நிறுவனம், 1978-இல். அட்டையைப் புரட்டினாலே தெரியக்கூடிய செய்தி! எடுத்துச் சொன்ன இடத்திலும் ஏதோ ஒரு கண் மூலத்தைச் சரிவரப் பாராது போயிற்று. எதிர்த்த இடத்தில் யாம் கட்டுரையையே பார்க்கவில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். 40 பேர் கையெழுத்திட்ட நம் தீர்மானத்திலே, அவ்வாக்கியம் ஏன் தவறு என்பதற்கு ஒரு காரணமேனும் இல்லை. கண்டிக்கிறோம் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. நாச்சியாரின் சொல்லைக் கொண்டே நாச்சியாருக்காக வாதாடிய மறுப்பு, கையெழுத்திட மறுத்தவர் வீட்டிலே மடிந்து கிடந்தது.

சாதிச் சங்கத்தார் இதில் மற்றையோரினும் கூடுதலாக எச்சரிக்கையாயிருக்க வேண்டியவர்கள். பெருமாள்முருகன் ‘மாதொருபாகன்’ நாவலை 2010-இல் வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் சில பக்கங்கள் மாத்திரம் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டிலே கைக்குக் கை சென்றன. சாதி அமைப்புகளும் சேர்ந்துகொள்ள, ஊர் கொந்தளித்தது. அடுத்த மாதம் அவர் தம் எழுத்து வாழ்வையே முடித்துக்கொள்வதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையிலே உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பின்னரே மீண்டும் எழுதலானார். தனியொருவன் அவசரப்பட்டால் அது திண்ணைப் பேச்சோடு போகும். சங்கம் அவசரப்பட்டால் முத்திரைத் தாளில் ஏறிவிடுகிறது.

சபையோர்களே! எம் பிரேரணை இதுவே. தீர்மானப் புத்தகத்திலே அப்பெரியவரைப்பற்றி எம் கையால் எழுதிய வரியை நீக்கி, வாசித்த பின்னரே கையெழுத்திடுவேன் என்று அவர் கூறியதை அவ்விடத்திலே எழுதவேண்டும். அவருடைய புதல்வர் இன்று நம்மிடையே வந்திருக்கிறார். அவர் முன்னிலையிலேயே இதைக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் இன்று வாக்கெடுப்பு வேண்டா. அக்கட்டுரையும் பெரியவரின் குறிப்புகளும் 50 நகல்களாக வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இப்பிரேரணையை அக்கிராசனர் வாக்கெடுப்புக்கு விடுவார்.